எஸ்எஸ்டியைப் பூட்டுவது எப்படி: வன்பொருள் குறியாக்கத்தைச் சரியாக அமைக்க ஒரு வழிகாட்டி

போன வருடம் ஆடிட்டர் நண்பர் ஒருவரின் லேப்டாப் பஸ்ஸில் காணாமல் போனது. இரவுப் பயணம், தலைக்கு மேலே இருந்த தட்டில் பையை வைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறார், காலையில் பார்த்தால் பையே இல்லை. எனக்குப் போன் செய்தபோது அவர் குரலில் அவ்வளவாகப் பதற்றம் இல்லை. "எஸ்எஸ்டி வாங்கும்போதே ஏஇஎஸ் 256 பிட் என்கிரிப்ஷன் இருக்கு என்று பெட்டியிலேயே போட்டிருந்ததே, விண்டோஸுக்கும் பாஸ்வேர்டு இருக்கு, அப்புறம் என்ன?" என்றார். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும், விண்டோஸ் வருவதற்கு முன்னால் ஏதாவது பாஸ்வேர்டோ பின் நம்பரோ கேட்குமா, விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் என்ற வசதியை எப்போதாவது ஆன் செய்தீர்களா என்று கேட்டேன். இரண்டுமே இல்லை. அப்படியானால் அந்த எஸ்எஸ்டியைக் கழற்றி, கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி பெட்டிக்குள் போட்டு வேறொரு கம்ப்யூட்டரில் செருகினால், அவருடைய வாடிக்கையாளர்கள் அத்தனை பேரின் பான் எண், வங்கி ஸ்டேட்மென்ட், வருமானக் கணக்கு எல்லாம் அப்படியே திறக்கும். விண்டோஸ் பாஸ்வேர்டு அந்த இடத்தில் குறுக்கே வரவே வராது. இதைச் சொன்னதும் மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

பெட்டியில் எழுதியிருந்தது பொய்யில்லை. லேப்டாப்பின் தரவெல்லாம் இருக்கும் அந்த எஸ்எஸ்டி டிஸ்க் குறியாக்கம், அதாவது என்கிரிப்ஷன், செய்துகொண்டுதான் இருந்தது, ஆனால் அதை யாரும் பூட்டவில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம், அதனால் அதை முதலில் பார்த்துவிடலாம்.

உள்ளே என்ன நடக்கிறது

தானே குறியாக்கம் செய்யும் டிஸ்க்கில் அதை இயக்கும் கண்ட்ரோலர் சில்லுக்குள்ளேயே ஏஇஎஸ் என்ற குறியாக்கக் கணக்கைப் போடுவதற்கென்று தனியாக ஒரு பகுதி இருக்கும். டிஸ்க் தனக்கென ஒரு ரகசியச் சாவியை வைத்திருக்கும், அதைத் தரவுச் சாவி என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் எழுதும் ஒவ்வொன்றும் அந்தச் சாவியால் குறியாக்கம் ஆகித்தான் ஃபிளாஷ் சில்லுகளில் போய் உட்காரும், படிக்கும்போது அதே சாவியால் பழைய வடிவத்துக்குத் திரும்பும். இது வாங்கிய நாளிலிருந்தே நடக்கிறது. ஆனால் பாஸ்வேர்டு எதுவும் வைக்காத வரைக்கும், மின்சாரம் வந்த உடனே டிஸ்க் அந்தச் சாவியைத் தானே எடுத்துப் பயன்படுத்தத் தொடங்கிவிடும், கேட்பவர் நீங்களா திருடனா என்று அதற்குத் தெரியாது.

பாஸ்வேர்டு வைத்தால் என்ன ஆகிறது? ஒழுங்காக வடிவமைத்த டிஸ்க்கில் உங்கள் பாஸ்வேர்டிலிருந்து இன்னொரு சாவி உருவாகி, தரவுச் சாவி அதனால் பூட்டப்படும். பாஸ்வேர்டு தெரியாமல் தரவுச் சாவி கிடைக்காது, தரவுச் சாவி இல்லாமல் சில்லுகளைப் பிய்த்து எடுத்துப் படித்தாலும் குப்பைதான் கிடைக்கும். தரவு ஏற்கெனவே குறியாக்கத்தில் இருப்பதால் இந்தப் பூட்டைப் போட ஒரு நொடி போதும், பாஸ்வேர்டை மாற்றினாலும் பூட்டு மட்டும்தான் மாறும், இரண்டு டெராபைட் டிஸ்க்கை உட்கார்ந்து மறுபடி குறியாக்கம் செய்ய வேண்டியதில்லை. டிஸ்க்குக்கு மின்சாரம் நின்றதும் தானாகப் பூட்டிக்கொள்ளும், இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எல்லா எஸ்எஸ்டியிலும் இது இருக்காது. விலை குறைந்தவை பலவற்றில் கிடையாது. வெறுமனே ஏஇஎஸ் 256 என்று போட்டிருந்தால் போதாது, ட்ரஸ்டட் கம்ப்யூட்டிங் குரூப் என்ற அமைப்பு வகுத்த ஓபல் 2.0 தரத்தைத் தாங்குகிறது என்று தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரே கம்பெனியின் ஒரே வரிசையிலேயே ஒரு மாடலில் இருக்கும், அடுத்த மாடலில் இருக்காது, அதனால் மாடல் எண்ணை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

தொடங்கும் முன் இரண்டு வேலை

முதல் வேலை பேக்கப். இதை எல்லாரும் எல்லாவற்றுக்கும் சொல்வார்கள், ஆனால் இங்கே காரணம் கொஞ்சம் கடுமையானது. சாதாரண டிஸ்க் கெட்டுப்போனால் தரவு மீட்புக் கடைக்காரர் சில்லைப் படித்தாவது ஏதோ கொஞ்சம் எடுத்துத் தருவார். பூட்டிய டிஸ்க்கில் பாஸ்வேர்டு மறந்துபோனாலோ கண்ட்ரோலர் செத்துப்போனாலோ அவரால் ஒன்றும் செய்ய முடியாது. எவ்வளவு பணம் கொடுத்தாலும் முடியாது. அதனால் தனி டிஸ்க்கில் ஒரு முழு நகல் எடுத்து, அந்த நகலிலிருந்து நாலு ஃபைலைத் திறந்து பார்த்து, திறக்கிறது என்று உறுதி செய்த பிறகுதான் மேற்கொண்டு எதையும் தொட வேண்டும்.

இரண்டாவது வேலையைப் பெரும்பாலானோர் செய்வதில்லை, பிறகு தவிக்கிறார்கள். எஸ்எஸ்டியின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் போட்டோ எடுத்து வையுங்கள். லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினால் எம்.2 எஸ்எஸ்டி ஒரு சூயிங்கம் பட்டை அளவுக்கு இருக்கும், ஒரு ஓரத்தில் ஒற்றைத் திருகு, சில சமயம் மேலே வெப்பத்தகடு ஒட்டியிருக்கும், அதை மெதுவாகத் தூக்க வேண்டும், வேகமாக இழுத்தால் லேபிளும் கூடவே கிழிந்து வந்துவிடும். லேபிளில் பார்கோடுக்குப் பக்கத்தில் பிஎஸ்ஐடி என்று எழுதி அதன் பின்னால் 32 எழுத்து நீளத்துக்குப் பொடியாக ஒரு வரி இருக்கும். எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும், வெறும் கண்ணால் படிப்பது கஷ்டம், சுழியமா ஓ எழுத்தா என்று குழம்பும், அதனால் போன் கேமராவில் நல்ல வெளிச்சத்தில் இரண்டு மூன்று படம் எடுத்து, பெரிதாக்கிப் பார்த்து ஒரு தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டு மறந்துபோனால் இந்த எண்ணைக் கொடுத்து டிஸ்க்கை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவரலாம். தரவு மொத்தமும் போய்விடும், ஆனால் டிஸ்க்காவது பிழைக்கும். எண்ணும் இல்லை பாஸ்வேர்டும் இல்லை என்றால் அந்த எஸ்எஸ்டியை எதற்கும் பயன்படுத்த முடியாது.

வன்பொருளை மட்டும் நம்பலாமா

அமைக்கும் முறைக்குப் போவதற்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பது இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

2018 நவம்பரில் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோ மெய்யர், பெர்னார்ட் வான் காஸ்டல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சந்தையில் நன்றாக விற்றுக்கொண்டிருந்த சில எஸ்எஸ்டிகளின் ஃபர்ம்வேரை, அதாவது டிஸ்க்குக்குள்ளேயே ஓடும் மென்பொருளை, பிரித்துப் பார்த்து முடிவுகளை வெளியிட்டார்கள். குரூஷியல் எம்எக்ஸ்100, எம்எக்ஸ்200, எம்எக்ஸ்300, சாம்சங் 840 ஈவோ, 850 ஈவோ, டி3, டி5 ஆகியவை அவர்கள் பட்டியலில் இருந்தன. சிலவற்றில் நான் மேலே சொன்ன பிணைப்பே இல்லை, அதாவது பாஸ்வேர்டுக்கும் தரவுச் சாவிக்கும் கணித உறவு எதுவும் கிடையாது, பாஸ்வேர்டு சரியா தப்பா என்று ஃபர்ம்வேர் ஒரு சோதனை மட்டும் செய்கிறது, அந்தச் சோதனைப் பகுதியை மாற்றி எழுதிவிட்டால் எந்தப் பாஸ்வேர்டு கொடுத்தாலும் திறந்துகொள்கிறது. 840 ஈவோவில் பிரச்சினை வேறு மாதிரி. பாஸ்வேர்டு வைப்பதற்கு முன் பூட்டாமல் இருந்த தரவுச் சாவியின் பழைய நகல், எஸ்எஸ்டி தான் எழுதுவதை இடம் மாற்றி மாற்றி வைக்கும் பழக்கத்தால் சில்லின் ஏதோ ஒரு மூலையில் அழியாமல் தங்கிவிட வாய்ப்பிருந்தது.

இதில் பெரிய பாதிப்பு பிட்லாக்கர் பயன்படுத்தியவர்களுக்கு. அன்றைய விண்டோஸ், டிஸ்க் தானே குறியாக்கம் செய்யும் வகை என்று தெரிந்தால் முழு வேலையையும் டிஸ்க்கிடமே ஒப்படைத்துவிடும். பயனாளி பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறது என்று நிம்மதியாக இருப்பார், உண்மையில் எல்லாம் அந்த ஃபர்ம்வேரின் தரத்தை நம்பி நிற்கும். 2019 செப்டம்பரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டில் மைக்ரோசாஃப்ட் இதை மாற்றியது. அதிலிருந்து புதிதாகப் பிட்லாக்கர் ஆன் செய்தால் மென்பொருள் குறியாக்கம்தான் வழக்கம், வன்பொருள் வேண்டும் என்றால் நாமாகக் கேட்க வேண்டும்.

அப்படியானால் வன்பொருள் எதற்கு என்று கேட்கலாம். வேகம் ஒரு காரணம். டாம்ஸ் ஹார்ட்வேர் தளம் 2023ல் ஒரு வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டியில் சோதித்தபோது மென்பொருள் பிட்லாக்கர் சில வகை வேலைகளில் 45 சதவீதம் வரை வேகத்தைக் குறைத்தது. வேர்டு, எக்செல், டேலி என்று ஓட்டுபவர்களுக்கு இது கண்ணுக்கே தெரியாது. வீடியோ எடிட்டிங், பெரிய டேட்டாபேஸ் என்று டிஸ்க்கைப் போட்டுப் பிழிபவர்களுக்குத் தெரியும். இன்னொரு காரணம், தரவுச் சாவி கம்ப்யூட்டரின் ராம் நினைவகத்துக்கு வருவதே இல்லை. 2008ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ராமைக் குளிரவைத்து அதிலிருந்து மென்பொருள் குறியாக்கத்தின் சாவியை எடுத்துக் காட்டினார்கள், அந்த வழியில் டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் சாவி கிடைக்காது.

என் முடிவை நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரண ஆபீஸ், வீட்டு லேப்டாப் என்றால் மென்பொருள் பிட்லாக்கரோடு ஆரம்பத்தில் கேட்கும் பின் நம்பர் ஒன்றையும் வையுங்கள், அது போதும். வேகம் தேவை, எஸ்எஸ்டியும் புதியது, ஃபர்ம்வேரும் கடைசிப் பதிப்பு என்றால் வன்பொருள் வழிக்குப் போகலாம். மற்றவர்களின் ரகசியத்தைச் சுமப்பவர் நீங்கள் என்றால், வக்கீல், மருத்துவர், பத்திரிகையாளர் மாதிரி, இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போடுங்கள். ராட்பவுட் பட்டியலில் உள்ள பழைய எஸ்எஸ்டி கையில் இருந்தால் வன்பொருளை மட்டும் நம்பவே வேண்டாம்.

விண்டோஸில் அமைப்பது

இதற்கு விண்டோஸ் ப்ரோ பதிப்பு வேண்டும், ஹோம் பதிப்பில் இந்த வழி கிடையாது. விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கையே வன்பொருளால் பூட்டுவதென்றால் விண்டோஸை முதலிலிருந்து மறுபடி நிறுவ வேண்டியிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸில் நடுவில் மாற்ற முடியாது. இங்கேதான் நிறையப் பேர் நாள் முழுக்கச் செலவழித்துவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்கிறார்கள், அதனால் வரிசையைக் கவனமாகப் பின்பற்றுங்கள்.

விண்டோஸ் வருவதற்கு முன்னால் திறக்கும் பயாஸ் அமைப்புத் திரைக்குள் போய், யுஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையில் இருக்கிறதா, சிஎஸ்எம் என்ற பழைய முறை அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சில மதர்போர்டுகளில் பிளாக் எஸ்ஐடி என்று ஒரு அமைப்பு இருக்கும், கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே டிஸ்க்கின் பூட்டு வசதியை யாரும் தொடாதபடி அது அடைத்துவிடும், நமக்கு அது அணைந்திருக்க வேண்டும். அப்புறம் விண்டோஸுக்குள் வந்து எஸ்எஸ்டி தயாரிப்பாளரின் சொந்த மென்பொருளை, சாம்சங் என்றால் மேஜிசியன், நிறுவி முதலில் ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். அதே மென்பொருளில் என்கிரிப்டட் டிரைவ் என்ற பகுதிக்குப் போய் அதைத் தயார் நிலைக்கு மாற்றுங்கள். இப்போது டிஸ்க் தயார் என்று காட்டும், ஆனால் இன்னும் செயலுக்கு வராது. அடுத்து செக்யூர் எரேஸ் செய்து டிஸ்க்கை முழுவதும் காலியாக்க வேண்டும், அதற்கு அந்த மென்பொருளே ஒரு யுஎஸ்பியைத் தயாரித்துக் கொடுக்கும், அதிலிருந்து பூட் செய்து அழிக்க வேண்டும். இதற்குப் பிறகு விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். காலியான டிஸ்க்கைப் பார்த்ததும் நிறுவும்போதே விண்டோஸ் அதன் வன்பொருள் வசதியைத் தூண்டிவிடும்.

நிறுவி முடித்ததும் பிட்லாக்கரை உடனே ஆன் செய்துவிடாதீர்கள். குரூப் பாலிசி எடிட்டரைத் திறந்து, கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்பொனென்ட்ஸ், பிட்லாக்கர் என்று இறங்கி, ஆபரேட்டிங் சிஸ்டம் டிரைவ்ஸ் பகுதிக்குள் ஹார்ட்வேர் பேஸ்டு என்கிரிப்ஷனைப் பற்றிய வரியைத் தேடி அதை எனேபிள் செய்யுங்கள். அதற்குள்ளேயே, வன்பொருள் கிடைக்காவிட்டால் மென்பொருளைப் பயன்படுத்து என்ற பொருளில் ஒரு டிக் பெட்டி இருக்கும், அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். டிக் இருந்தால் ஏதாவது ஒரு படி தவறியிருந்தாலும் விண்டோஸ் சத்தமில்லாமல் மென்பொருளுக்கு மாறிவிடும், உங்களுக்குத் தெரியாது. டிக் இல்லையென்றால் பிழைச் செய்தி வரும், எங்கே தவறு என்று தேடலாம்.

அதே இடத்தில், ஆரம்பத்தில் கூடுதல் அடையாளம் கேட்பதைப் பற்றிய வரியையும் எனேபிள் செய்து, சாவியைப் பத்திரமாக வைத்திருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லோடு பின் நம்பரும் கட்டாயம் என்று வையுங்கள். மென்பொருள் பிட்லாக்கர்தான் போதும் என்பவர்களும் இந்த ஒன்றை விட்டுவிடாதீர்கள். பின் நம்பர் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் டிபிஎம் சில்லு தானாகவே சாவியைக் கொடுத்துவிடும். 2024ல் ஒரு ஆய்வாளர், தனிச் சில்லாக டிபிஎம் உள்ள ஒரு பழைய லேப்டாப்பில், பத்து டாலருக்குள் அடங்கும் ஒரு குட்டிச் சர்க்யூட்டை மதர்போர்டின் மேல் அழுத்திப் பிடித்து, அந்தச் சாவி போகும் வழியிலேயே அதை 43 நொடியில் படித்துக் காட்டினார். இப்போதைய லேப்டாப் பலவற்றில் டிபிஎம் பிராசசருக்குள்ளேயே இருப்பதால் அந்தக் குறிப்பிட்ட வழி அங்கே நடக்காது, ஆனாலும் பின் நம்பர் வைத்துவிடுவது நல்லது. குறைந்தது ஆறு இலக்கம், நான் எட்டுக்குக் குறையாமல் வைக்கச் சொல்வேன், பிறந்த தேதி வேண்டாம்.

இப்போது பிட்லாக்கரை ஆன் செய்யுங்கள். வன்பொருள் முறையில் போகிறதா என்பதற்கு ஒரு அடையாளம் உண்டு. டிஸ்க்கில் பயன்படுத்திய இடத்தை மட்டும் குறியாக்கம் செய்யவா, முழு டிஸ்க்கையுமா என்று ஒரு கேள்வி வந்தால் அது மென்பொருள் முறை, அங்கேயே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பாருங்கள். வன்பொருள் முறையில் அந்தக் கேள்வியே வராது, சதவீதம் ஏறும் பட்டையும் ஓடாது, சட்டென்று முடிந்துவிடும். முடிந்த பிறகு கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து மேனேஜ்-பிடிஇ கட்டளையை ஸ்டேட்டஸ் என்ற துணைச்சொல்லோடு (manage-bde -status) ஓட்டுங்கள். என்கிரிப்ஷன் மெத்தட் என்ற வரியில் ஹார்ட்வேர் என்கிரிப்ஷன் என்று வர வேண்டும். எக்ஸ்டிஎஸ் ஏஇஎஸ் 128 என்று வந்தால் அது மென்பொருள். அதுவும் பாதுகாப்பானதுதான், ஆனால் நீங்கள் எதைப் போட்டிருக்கிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஏற்கெனவே பல வருடமாகப் பிட்லாக்கர் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கம்ப்யூட்டர் இருந்தால் இன்றைக்கே இந்தக் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். 2019 அப்டேட் புதிதாகப் பூட்டியவற்றுக்குத்தான், அதற்கு முன்னால் வன்பொருளில் பூட்டியது அப்படியேதான் இருக்கும். மாற்ற வேண்டுமென்றால் பாலிசியில் வன்பொருள் முறையை டிசேபிள் செய்துவிட்டு, பிட்லாக்கரை முழுவதும் அணைத்து, மறுபடி ஆன் செய்ய வேண்டும்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு

2024 ஜனவரியில் வந்த, கிரிப்ட்செட்டப் என்ற குறியாக்கக் கருவியின் 2.7 பதிப்பிலிருந்து, லினக்ஸின் வழக்கமான டிஸ்க் குறியாக்கமான லக்ஸ் 2 முறையிலேயே ஓபல் வசதி சேர்ந்துவிட்டது. டிஸ்க்கின் வன்பொருள் குறியாக்கமும் அதன் மேல் லினக்ஸின் மென்பொருள் குறியாக்கமும் சேர்ந்து ஒரே பாஸ்வேர்டில் இயங்கும்படி அமைக்கலாம், வேண்டுமானால் வன்பொருளை மட்டும் என்றும் கேட்கலாம். சேர்ந்து இயங்கும் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது, ஃபர்ம்வேரில் நாளைக்கு ஓட்டை கண்டுபிடித்தாலும் மென்பொருள் அடுக்கு நிற்கும்.

இன்னொரு வழி செட்யூட்டில் என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் கருவி. இது டிஸ்க்கையே பூட்டுவதால் உள்ளே விண்டோஸ் இருக்கிறதா லினக்ஸ் இருக்கிறதா என்ற கவலை இல்லை, மறுபடி நிறுவவும் வேண்டாம். ஓபல் டிஸ்க்கில் 128 எம்பி அளவுக்காவது ஒரு மறைவான இடம் உண்டு. டிஸ்க் பூட்டியிருக்கும்போது கம்ப்யூட்டருக்கு அந்த இடம் மட்டும்தான் தெரியும். அங்கே ஒரு குட்டி லினக்ஸை ஏற்றி வைத்தால், ஆன் செய்ததும் அது வந்து பாஸ்வேர்டு கேட்கும், சரியாக இருந்தால் டிஸ்க்கைத் திறந்துவிட்டு ரீஸ்டார்ட் ஆகி உண்மையான சிஸ்டத்தைக் கொண்டுவரும்.

செய்யும் முறையில் ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன். செட்யூட்டிலின் மீட்பு யுஎஸ்பியில் பூட் செய்து முதலில் ஸ்கேன் கட்டளை கொடுங்கள், டிஸ்க்கின் பெயருக்குப் பக்கத்தில் 2 என்று வந்தால் ஓபல் 2 இருக்கிறது, நோ என்று வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். இருந்தால், அந்தக் கருவியின் கையேடே சொல்வதுபோல முதலில் டிபக் என்ற தற்காலிகப் பாஸ்வேர்டில் எல்லாவற்றையும் அமைத்து, கம்ப்யூட்டரை முழுவதும் ஆஃப் செய்து, வெறும் ரீஸ்டார்ட் போதாது, மறுபடி ஆன் செய்து பூட்டுத் திரை வருகிறதா, திறக்கிறதா என்று ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். சரியாக வேலை செய்தால் பிறகு உங்கள் உண்மையான பாஸ்வேர்டுக்கு மாற்றலாம். செக்யூர் பூட் அணைந்திருக்க வேண்டும் என்பதும், லேப்டாப்பை ஸ்லீப்பில் போட்டால் இது ஒத்துழைக்காது என்பதும் இந்த வழியின் குறைகள். செக்யூர் பூட்டை அணைப்பது எனக்குப் பிடிக்காத விஷயம், அதனால்தான் கிரிப்ட்செட்டப் வழியை முதலில் சொன்னேன்.

பயாஸில் ஹார்ட் டிஸ்க் பாஸ்வேர்டு என்று ஒரு வசதி இருக்குமே, அது போதாதா என்று பலர் கேட்கிறார்கள். தானே குறியாக்கம் செய்யும் டிஸ்க்கில் அது தரவுச் சாவியையே பூட்டலாம், மற்ற டிஸ்க்குகளில் அது படிக்க விடாமல் தடுப்பது மட்டும்தான், சில்லில் இருக்கும் தரவு வெளிப்படையாகவே இருக்கும். அதோடு சில லேப்டாப்கள் நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டைத் தங்கள் பாணியில் மாற்றித்தான் டிஸ்க்குக்கு அனுப்புகின்றன, மதர்போர்டு கெட்டுப்போய் டிஸ்க்கை வேறு கம்பெனி லேப்டாப்பில் போட்டால் சரியான பாஸ்வேர்டுகூட வேலை செய்யாது. வேறு வழியே இல்லையென்றால் மட்டும் இது.

மேக் வைத்திருந்தால் வேலை இரண்டு நிமிடம். ஆப்பிளின் டி2 பாதுகாப்புச் சில்லு உள்ள மேக்குகளிலும், 2020 கடைசியில் தொடங்கிய ஆப்பிள் சிலிக்கான் மேக்குகளிலும் உள்ளே இருக்கும் டிஸ்க் எப்போதும் வன்பொருளில் குறியாக்கம் ஆகியே இருக்கிறது, ஆனால் ஃபைல்வால்ட் என்ற மேக்கின் பூட்டு வசதியை ஆன் செய்யாத வரை அதன் சாவி உங்கள் பாஸ்வேர்டோடு பிணைந்திருக்காது. சிஸ்டம் செட்டிங்ஸில் பிரைவசி அண்டு செக்யூரிட்டி பகுதிக்குப் போய் ஃபைல்வால்ட்டை ஆன் செய்துவிடுங்கள். ஏற்கெனவே எல்லாம் குறியாக்கத்தில் இருப்பதால் உடனே முடிந்துவிடும்.

பூட்டியும் திறந்து கிடக்கும் நேரம்

டிஸ்க்குக்கு மின்சாரம் நின்றால்தான் பூட்டும் என்று மேலே சொன்னேன். அப்படியென்றால் லேப்டாப் மூடியைச் சாத்தி ஸ்லீப்பில் போட்டுப் பைக்குள் வைத்தால்? கம்ப்யூட்டரில் எங்கேயோ சாவி உயிரோடு இருக்கிறது, இல்லாவிட்டால் டிஸ்க்கே திறந்த நிலையில் இருக்கிறது. 2012ல் ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் டிஸ்க்கின் மின் வயரைத் தொடாமல் தரவு வயரை மட்டும் பிடுங்கித் தங்கள் கம்ப்யூட்டரில் செருகினார்கள், டிஸ்க் திறந்தபடியே அவர்களிடம் வந்தது. மின்சாரம் நிற்கவில்லையே, அதற்குப் பூட்டிக்கொள்ளக் காரணமில்லை.

அதனால் வெளியே எடுத்துப் போகும் லேப்டாப் என்றால் ஷட் டவுன் செய்யுங்கள், குறைந்தபட்சம், நடந்துகொண்டிருக்கும் வேலையை டிஸ்க்கில் சேமித்துவிட்டு மின்சாரத்தை நிறுத்தும் ஹைபர்னேட். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள், மூடியைச் சாத்தினால் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் ஹைபர்னேட்டைத் தேர்ந்தெடுக்கலாம். பட்டியலில் ஹைபர்னேட்டே இல்லையென்றால் அதே பக்கத்தில் கீழே ஷட் டவுன் செட்டிங்ஸ் பகுதியில் அதற்கு டிக் போட வேண்டும். மறுபடி திறக்கும்போது பின் நம்பர் கேட்கும், கூடுதலாகச் சில நொடி ஆகும், பழகிவிடும். பஸ், ரயில், ஹோட்டல் அறை என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அலைபவர்கள் இந்த ஒரு பழக்கத்தைக் கட்டாயம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நான் கெஞ்சாத குறையாகக் கேட்பேன். இன்னொன்று, திறந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது வரும் வைரஸுக்கும் ரான்சம்வேருக்கும் இந்தப் பூட்டு எதுவும் செய்யாது, அதற்கு பேக்கப்தான்.

பென்டிரைவ், வெளி டிஸ்க் வாங்கும்போது

வன்பொருளில் குறியாக்கம் என்று விற்கும் யுஎஸ்பி சாதனங்களில் இரண்டு வகை உண்டு. கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருளைத் திறந்து பாஸ்வேர்டு அடிப்பது ஒரு வகை, சாதனத்தின் மேலேயே எண் பட்டன்கள் இருந்து அதில் அடிப்பது இன்னொரு வகை. 2010ல் சிஸ் என்ற ஜெர்மானியப் பாதுகாப்பு நிறுவனம், கிங்ஸ்டன், சான்டிஸ்க், வெர்பாட்டிம் ஆகியவற்றின் சில பென்டிரைவ்களில் ஒரு பெரிய ஓட்டையைக் கண்டுபிடித்தது. பாஸ்வேர்டு சரியா என்று பார்ப்பது கம்ப்யூட்டரில் ஓடும் மென்பொருள், சரி என்றதும் அது சாதனத்துக்கு அனுப்பும் திறப்புச் சங்கேதம் எந்தப் பாஸ்வேர்டாக இருந்தாலும் ஒன்றேதான், அதை நேராக அனுப்பினால் திறந்துவிடும். அவை அமெரிக்க அரசின் ஃபிப்ஸ் 140-2 சான்றிதழ் பெற்றவை. சான்றிதழ் இருப்பது நல்லதுதான், அது மட்டும் போதாது. பட்டன் உள்ள வகையில் பாஸ்வேர்டு கம்ப்யூட்டருக்கே போவதில்லை, எந்த சிஸ்டத்திலும் வேலை செய்யும், ஆபீஸுக்கு வாங்குவதென்றால் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

இவற்றில் பெரும்பாலானவை பத்துத் தடவை தவறாக அடித்தால் சாவியை அழித்துவிடும். ஸ்டெஃபான் தாமஸ் என்ற புரோகிராமர் 7,002 பிட்காயினுக்கான சாவியை ஒரு அயர்ன்கீ பென்டிரைவில் வைத்து, பாஸ்வேர்டு எழுதிய தாளைத் தொலைத்துவிட்டார். 2021ல் செய்தி வெளிவந்தபோது பத்து வாய்ப்பில் எட்டு முடிந்திருந்தது. திருடனைத் தடுக்கும் அதே சுவர் உரிமையாளரையும் தடுக்கும்.

ஆகவே மீட்புச் சாவி. பின் நம்பர் மறந்துபோனாலும் டிஸ்க்கைத் திறக்க பிட்லாக்கர் 48 இலக்க எண் ஒன்றைக் கொடுக்கும், ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. அதைப் பூட்டிய டிஸ்க்குக்குள்ளேயே சேமிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இரண்டு தாளில் அச்சிட்டு, கம்ப்யூட்டரின் பெயரையும் தேதியையும் மேலே எழுதி, பிஎஸ்ஐடி எண்ணையும் அதிலேயே குறித்து, ஒன்றை வீட்டு பீரோவிலும் இன்னொன்றை வேறு கட்டடத்திலும், பேங்க் லாக்கர் இருந்தால் அங்கேயும் வையுங்கள். லேப்டாப் பைக்குள் மட்டும் வேண்டாம். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்திருந்தால் சாவி அங்கேயும் போய்ச் சேர்ந்திருக்கலாம், குறிப்பாக ஹோம் பதிப்பில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் தானாக ஆன் ஆகியிருந்தால். கணக்கில் நுழைந்து பார்த்துக்கொள்ளுங்கள். பயாஸ் அப்டேட் செய்யப் போகும் நாளில் பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்துவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் அந்த 48 இலக்கத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கும். எல்லாம் அமைத்து முடித்த அன்றே ஒரு தடவை வேண்டுமென்றே பின் நம்பரை விட்டுவிட்டு, எஸ்கேப் அழுத்தி, தாளைப் பார்த்து மீட்புச் சாவியை அடித்துத் திறந்து பாருங்கள். தாளில் ஒரு இலக்கம் தப்பாக இருந்தால் அது தெரிய வேண்டிய நாள் அன்றுதான்.

பழைய எஸ்எஸ்டியை விற்கும்போதோ தூக்கிப் போடும்போதோ இந்த வகை டிஸ்க்கின் பெரிய நன்மை கைக்கு வரும். எஸ்எஸ்டியில் ஃபைலை டெலீட் செய்தாலும் மேலே மேலே எழுதினாலும் பழைய துண்டுகள் எங்காவது தங்கும். ஆனால் பிஎஸ்ஐடி எண்ணைக் கொடுத்து ஆரம்ப நிலைக்குத் திருப்பினால் டிஸ்க் தரவுச் சாவியையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதுச் சாவி உருவாக்கும், எத்தனை டெராபைட்டாக இருந்தாலும் சில நொடிதான். தயாரிப்பாளரின் மென்பொருளில் பிஎஸ்ஐடி ரிவர்ட் என்று இருக்கும், செட்யூட்டிலிலும் செய்யலாம். பழைய மாடல்களில் ஃபர்ம்வேர் ஒழுங்காக அழிக்கிறதா என்ற சந்தேகம் இருந்தால், முதல் நாளே மென்பொருள் குறியாக்கமும் சேர்த்துப் போட்டிருந்தீர்களானால் அந்தக் கவலையும் இல்லை. திருப்பிய பிறகு டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் செருகி டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். எந்தப் பார்ட்டிஷனும் இல்லாமல், இந்த டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யவா என்று கேட்டால், எடுத்துக் கொடுத்துவிடலாம்.